மதர்போர்டை மாற்றிய பின்பும் விண்டோஸ் உரிமத்தை இழக்காமல் இருக்க

கணினியில் ரேம் கூட்டுவதும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதும் விண்டோஸ் உரிமத்தைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. எல்லா உறுப்புகளையும் இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்றினால் நிலைமை வேறு. பழுது நீங்கிக் கணினி நல்லபடியாக இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கலான வரி தோன்றும். உரிமம் என்று ஒன்று இருப்பதையே பலர் அப்போதுதான் நினைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இதில் முக்கால் பங்கு வேலை, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. போர்டு மாறிய பிறகு செய்யக்கூடியவை சில நிமிட வேலைகள்தாம். அவை பலிக்குமா என்பதும் முன்பு என்ன செய்து வைத்தோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே முன்வேலைக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உரிமத்தைச் சரிபார்த்து உறுதி செய்யும் இந்த ஆக்டிவேஷன் நடைமுறை விண்டோஸுக்கு 2001இல் எக்ஸ்பி பதிப்போடு வந்தது. மதர்போர்டு, பிராசசர், நெட்வொர்க் கார்டு, வட்டு போன்ற உறுப்புகளின் அடையாள விவரங்களை எடுத்து, அவற்றிலிருந்து ஒரு கைரேகை போன்ற குறியை விண்டோஸ் உருவாக்குகிறது. உரிமம் அந்தக் குறியோடு சேர்த்து மைக்ரோசாப்டின் சர்வரில் பதிவாகிறது. எல்லா உறுப்புகளுக்கும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்பு இல்லை. மதர்போர்டுக்கே மிகுதியான மதிப்பு. அதனால்தான் மூன்று வட்டுகளை மாற்றினாலும் வாய் திறக்காத விண்டோஸ், போர்டு ஒன்று மாறியதும் இது வேறு கணினி என்று முடிவு கட்டிவிடுகிறது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, 'பிராடக்ட் கீ' எனப்படும் இருபத்தைந்து எழுத்து உரிமக் குறி (சுருக்கமாகக் கீ) கையில் இல்லாமலேயே சர்வரில் உள்ள பதிவை வைத்து ஆக்டிவேட் ஆகும் 'டிஜிட்டல் லைசன்ஸ்' முறை வந்தது. அடுத்த ஆண்டு, 2016 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து அந்த டிஜிட்டல் லைசன்ஸை நம்முடைய மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்து வைக்க முடிகிறது. போர்டு மாறிய கணினியை மீட்கும் வழி இந்த இணைப்பில்தான் இருக்கிறது.

கையில் இருப்பது எந்த உரிமம்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடித் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எஸ், எல், எம், ஜி, ஆர் ஆகிய ஐந்தையும் இடைவெளியின்றி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) ஒன்றிட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளையும் அடித்து என்டர் தட்டுங்கள். சில நொடிகளில் ஒரு சிறிய பெட்டி திறக்கும். அதன் முதல் வரியில் விண்டோஸின் பதிப்பு, ஹோமா புரோவா, இருக்கும். இரண்டாவது வரியின் கடைசியில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் உரிமத்தின் வகை இருக்கும். அதற்குக் கீழே கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும், அடுத்து 'லைசன்ஸ்டு' என்ற சொல்லும் இருக்கும். இந்தப் பெட்டியைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால், அது படுத்துவிட்ட நாளில் பயன்படாது.

வகையைக் குறிக்கும் இடத்தில் 'ஓஇஎம்' என்று தொடங்கும் சொல் இருந்தால், அது கணினியைத் தயாரித்த நிறுவனம் விற்கும்போதே போட்டுக் கொடுத்த உரிமம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இத்தகைய கணினிகளில் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேருக்குள்ளேயே, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலுக்குள்ளேயே, எழுதப்பட்டிருக்கிறது. லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் கீ அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம். உரிம ஒப்பந்தப்படி இது அந்தக் கணினியோடு பிறந்து அதனோடு முடிவது. புதிதாகக் கட்டும் கணினிக்கு இதைக் கொண்டுபோக உரிமை இல்லை. போர்டு பழுதாகிப்போய், அதே வகைப் போர்டையோ அதற்கு ஈடாகத் தயாரிப்பாளர் தரும் போர்டையோ போட்டால் மட்டும் உரிமம் தொடரும். வேகம் வேண்டும் என்று விரும்பிப் போர்டை மாற்றினால், மைக்ரோசாப்டின் பார்வையில் அது புதிய கணினி. புதிய உரிமம் வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், புதிய போர்டுக்கு ஒதுக்கும் பணத்தோடு விண்டோஸின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

'ரீடெய்ல்' என்று இருந்தால் மகிழ்வதற்கு முன் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். கடையிலோ இணையத்திலோ தனியாக விலை கொடுத்து வாங்கிய உரிமத்துக்கும் அந்தச் சொல்லே வரும். விண்டோஸ் 7, 8 இருந்த கணினிகளுக்கு 2015 ஜூலை 29 முதல் ஓராண்டு இலவசமாகத் தரப்பட்ட மேம்பாட்டுக்கும் அதே சொல் வரக்கூடும். வேறுபாட்டைக் காட்டுவது அந்தக் கடைசி ஐந்து எழுத்துகள். புரோ பதிப்பில் '3வி66டி' என்றோ, ஹோம் பதிப்பில் '8எச்விஎக்ஸ்7' என்றோ இருந்தால், அது உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகளில் இருக்கும் பொதுவான கீ. அதை வைத்து எந்தக் கணினியையும் ஆக்டிவேட் செய்ய முடியாது. உங்கள் உரிமம் சர்வரில் உள்ள டிஜிட்டல் பதிவாக மட்டுமே இருக்கிறது என்பதே அதற்குப் பொருள். கீயைக் கண்டுபிடித்துத் தரும் மென்பொருள்களை ஓடவிட்டு, இந்தப் பொதுக் கீயைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அது வேலை செய்யவில்லையே என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறாக, அந்த ஐந்து எழுத்துகள் நீங்கள் வாங்கியபோது வந்த பெட்டியிலோ மின்னஞ்சலிலோ உள்ள கீயின் கடைசி ஐந்தோடு பொருந்தினால், உண்மையான ரீடெய்ல் உரிமம் உங்களிடம் இருக்கிறது. அதை ஒரு நேரத்தில் ஒரு கணினியில் என்ற கட்டுப்பாட்டோடு எந்தக் கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

'வால்யூம்' என்று தொடங்கினால் அது நிறுவனங்களுக்கான உரிமம். அதில் கேஎம்எஸ் என்ற வகை, நிறுவனத்தின் உள் சர்வரோடு பேசி 180 நாள்களுக்கு ஆக்டிவேட் ஆகி, மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொள்வது. அலுவலகக் கணினியென்றால் போர்டு மாறியதும் அலுவலக நெட்வொர்க்கில் இணைத்தால் போதும், மற்றதை அங்குள்ள நிர்வாகி பார்த்துக்கொள்வார். வீட்டுக் கணினியில் இந்தச் சொல் இருந்தால், விற்றவரோ பழுது பார்த்தவரோ போலியான முறையில் ஆக்டிவேட் செய்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். காப்பாற்றுவதற்கு அங்கே உரிமம் எதுவும் இல்லை.

கணக்கோடு இணைப்பதும் கணினிக்குப் பெயரிடுவதும்

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்ற வழியிலும், விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன் என்ற வழியிலும் சென்றால் உரிமத்தின் நிலை தெரியும். 'டிஜிட்டல் லைசன்ஸ்' என்பதோடு வரி நின்றுவிட்டால் அது இன்னும் எந்தக் கணக்கோடும் சேரவில்லை. 'லிங்க்டு டு யுவர் மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்' என்ற சொற்களும் சேர்ந்து வந்தால்தான் இணைப்பு இருக்கிறது. இல்லையென்றால், நிர்வாகி அனுமதி உள்ள பயனராக நுழைந்து, உங்கள் சொந்த மைக்ரோசாப்ட் கணக்கைச் சேர்த்துவிட்டு, மீண்டும் அந்தப் பக்கத்துக்கு வந்து வரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியோ அலுவலகமோ கொடுத்த கணக்கு இதற்கு உதவாது.

இணைத்த கையோடு கணினிக்கு ஒரு நல்ல பெயரும் வையுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் பெயர், 'டெஸ்க்டாப்' என்ற சொல்லும் அதன் பின்னால் பொருளற்ற ஏழு எழுத்துகளுமாக இருக்கும். போர்டு மாறிய பிறகு, உங்கள் கணக்கில் உள்ள கணினிகளின் பட்டியலைக் காட்டி, இதில் எது இந்தக் கணினி என்று விண்டோஸ் கேட்கும். மகனின் பழைய லேப்டாப், விற்றுவிட்ட கணினி, இப்போதையது என மூன்று பெயர்கள் ஒரே சாயலில் நின்றால் எதைத் தேர்வது? 'வீட்டு மேசை 2022' என்பதைப் போல ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் வைத்தால் அந்தக் குழப்பம் இல்லை. வேலை முடியும்வரை அந்தப் பட்டியலிலிருந்து எந்தப் பெயரையும் நீக்க வேண்டாம்.

இங்கே கணக்கு யாருடையது என்ற கேள்வியை அழுத்திக் கேட்க விரும்புகிறேன். நம் ஊர்க் கடைகளில் புதிய லேப்டாப்பை வாங்கும்போது, கடைப் பையனே எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, அந்த நேரத்தில் தோன்றிய ஒரு மின்னஞ்சல் முகவரியில் கணக்கும் திறந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. நாம் நான்கு இலக்கப் பின்னை மட்டும் தெரிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறோம். உரிமம், வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கத்தின் சாவி எல்லாம் அந்த முகம் தெரியாத கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதியைத் திறந்து, அங்கே இருக்கும் முகவரி உங்களுடையதா, அதன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா, அதில் பதிந்துள்ள கைப்பேசி எண் இன்றும் உங்கள் கையில் உள்ள எண்தானா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்று தவறினாலும், கணினி நன்றாக ஓடும் இன்றே உங்கள் சொந்தக் கணக்குக்கு மாறிவிடுங்கள்.

நாற்பத்தெட்டு இலக்கங்கள்

தெரிந்தவர் ஒருவர் வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவர். கோடை மழையோடு வந்த ஒரு மின்னலுக்கு அடுத்த நாள் அவருடைய லேப்டாப் எழவில்லை. போர்டு போய்விட்டது, வட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் உடன் சென்றிருந்தேன். புதிய போர்டைப் பொருத்தி ஆன் செய்ததும் விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையொன்று வந்து, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி என்று நாற்பத்தெட்டு இலக்கங்களைக் கேட்டது. சாவி எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறிய குறிப்பு திரையில் இருந்தது. லேப்டாப்பை வாங்கிய இடத்தில் யாரோ அந்தக் கணக்கைத் திறந்திருந்தார்கள். கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. அச்சுக்குப் போக வேண்டிய இரண்டு புத்தகங்களின் கோப்புகள் கண்ணெதிரே அந்த வட்டுக்குள் இருந்தன, எடுக்க வழியில்லை. உரிமம் போனால் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சாவி போனால் கோப்புகள் போயின. ஆக்டிவேஷனைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது என்று எண்ணுகிறேன்.

வட்டைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. போர்டு போனால் அதுவும் போகும். தாம் குறியாக்கமே செய்யவில்லை என்று நினைப்பவர்களின் கணினியிலும் அது நடந்திருக்கலாம். 2024இல் வெளிவந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே தொடங்கிவிடுகிறது. ஹோம் பதிப்பில் செட்டிங்ஸின் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற இடத்திலும், புரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலின் பிட்லாக்கர் பகுதியிலும் நிலையைப் பார்க்கலாம். ஆன் ஆகியிருந்தால், மைக்ரோசாப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் உங்கள் கணினியின் பெயருக்குக் கீழே உள்ள மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். எழுதிய பிறகு ஒருமுறை ஒப்பிட்டுப் படியுங்கள். கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்க, நீங்களாகவே போர்டை மாற்றப் போகிறீர்கள் என்றால், குறியாக்கத்தை முழுவதுமாக அணைத்து, அது முடியும்வரை காத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்குவது எனக்குத் தெரிந்த அளவில் மிகப் பாதுகாப்பான வழி. கைரேகையும் பின் எண்ணும் புதிய போர்டில் செல்லாது என்பதால் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்க வேண்டும்.

போர்டு மாறிய பிறகு

முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். புதிய போர்டின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கியிருப்பது சாதாரணம். தேதி தவறாக இருந்தால் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு ஏற்படாமல் ஆக்டிவேஷன் தோற்கும். தேதியைச் சரி செய்து, இணையத்தில் இணைத்து, ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறவுங்கள். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர், லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் விண்டோஸ் கீயையும் புதிய போர்டின் ஃபர்ம்வேரில் எழுதிக் கொடுத்திருந்தால், நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே அது ஆக்டிவேட் ஆகியிருக்கும். கணினியை வாங்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே அங்கேயே இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மீண்டும் அலைவதைவிட அது எளிது.

ஆகவில்லையென்றால், டிஜிட்டல் லைசன்ஸைக் கணக்கோடு இணைத்திருந்தவர்கள் அதே பக்கத்தில் 'டிரபிள்ஷூட்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஆக்டிவேட் ஆகாத நிலையில் மட்டுமே அந்தப் பொத்தான் தெரியும். அது தேடிப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று சொல்லும். சோர்ந்து மூடிவிடாமல், அந்தப் பெட்டியின் கீழே 'ஐ சேஞ்ச்டு ஹார்ட்வேர் ஆன் திஸ் டிவைஸ் ரீசன்ட்லி', அதாவது இந்தக் கணினியின் வன்பொருளை அண்மையில் மாற்றினேன் என்ற வரியை அழுத்துங்கள். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். பிறகு கணினிகளின் பட்டியல் வரும். நீங்கள் வைத்த பெயரைத் தேர்ந்து, நான் இப்போது பயன்படுத்துவது இதுவே என்ற கட்டத்தில் குறியிட்டு, 'ஆக்டிவேட்' பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாம் பொருந்தினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. மங்கலான வரி மறைந்துவிடும்.

பட்டியலில் கணினியின் பெயரே இல்லையென்றால், வேறு கணக்கில் நுழைந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெயர் இருந்தும் மறுத்தால், பதிப்பு மாறியிருப்பதே நான் அதிகம் கண்ட காரணம். முன்பு புரோ இருந்த கணினியில் வட்டையும் புதிதாக்கி விண்டோஸை மறுபடி நிறுவும்போது, நிறுவும் நிரல் போர்டின் ஃபர்ம்வேரில் உள்ள கீயைப் படித்து, கேட்காமலேயே அதற்குரிய பதிப்பைப் போட்டுவிடும். வெளிக் கடைகளில் வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்துப் போடும் போர்டில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' கீ இருந்தால், உங்களுக்கும் அதுவே வரும். ஹோம் பதிப்பில் புரோவின் உரிமம் ஏறாது. ஒரே உரிமத்தை மறுபடி மறுபடி ஆக்டிவேட் செய்ததால் வரம்பு முடிந்திருப்பதும், பழைய கணினியில் விண்டோஸ் என்றுமே முறையாக ஆக்டிவேட் ஆகாமல் இருந்ததும் பிற காரணங்கள்.

பிழைக் குறிகளில் மூன்றை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். 'எஃப்211' என்று முடிந்தால் வன்பொருள் மாற்றத்தை விண்டோஸ் கண்டுகொண்டது என்று பொருள். மேலே சொன்ன வழியே அதற்கு மருந்து. 'சி008' என்று முடிந்தால், அந்தக் கீ அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் பயன்பட்டிருக்கிறது. 'சி003' என்று முடிந்தால் அந்தக் கீயை மைக்ரோசாப்ட் முடக்கிவிட்டது. மலிவாக வாங்கிய கீயாக இருந்தால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரீடெய்ல் கீ உள்ளவர்களின் வழி நேரானது. அதே பக்கத்தில் 'சேஞ்ச் பிராடக்ட் கீ' என்பதை அழுத்தி இருபத்தைந்து எழுத்துகளையும் அடிக்க வேண்டும். வேறு கணினிக்கு மாற்றுவதாக இருந்தால், பழைய கணினியில் நிர்வாகி அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, முன்பு சொன்ன ஐந்தெழுத்துக் கட்டளையில் சாய்கோட்டுக்குப் பின் யு, பி, கே என்று அடித்துக் கீயை நீக்கிவிடுங்கள். இது அந்தக் கணினியிலிருந்து மட்டுமே கீயை எடுக்கிறது. சர்வருக்குச் செய்தி எதுவும் போவதில்லை. ஆகவே புதிய கணினி முதலில் மறுக்கக்கூடும். அப்போது மைக்ரோசாப்டின் ஆதரவுப் பிரிவை நாடி, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டேன், ஒரு கணினியில் மட்டுமே பயன்படுத்துகிறேன் என்று விளக்க வேண்டும். வாங்கிய ரசீது கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இவை எதுவும் பலிக்காதபோது, பழுது பார்க்கும் கடைகளில் 'ஆக்டிவேட்டர் போட்டுத் தருகிறேன்' என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த நிரல்களைப் போடுவதற்கு முன் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கிறார்கள். வங்கிக் கணக்கும் குழந்தைகளின் படங்களும் உள்ள கணினியில், யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு நிர்வாகி அனுமதியைத் தூக்கிக் கொடுப்பது அது. ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் ஒன்றும் நின்றுவிடுவதில்லை. மூலையில் அந்த வரி இருக்கும், திரையின் படத்தையும் நிறத்தையும் மாற்ற முடியாது. கோப்புகளும் நிரல்களும் வழக்கம்போல் வேலை செய்யும். எனவே பதற்றமில்லாமல் ஆதரவுப் பிரிவோடு பேசவும், தேவையானால் உரிமம் வாங்கப் பணம் சேர்க்கவும் அவகாசம் இருக்கிறது.

கணினியில் டேலி வைத்துக் கணக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் உரிமமும் வன்பொருளோடு கட்டப்பட்டது. போர்டை மாற்றுவதற்கு முன் அதற்குள்ளேயே உள்ள 'சரண்டர்' வசதியால் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாற்றிய பிறகு மீண்டும் ஆக்டிவேட் செய்தால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில் கையைப் பிசைய வேண்டியிருக்காது.

விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதும், தொடக்கத்தில் அடித்த அதே கட்டளையை மறுபடி அடித்து 'லைசன்ஸ்டு' என்று வருகிறதா என்று பார்த்து, புதிய பெட்டியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். அணைத்து வைத்த குறியாக்கத்தை மீண்டும் ஆன் செய்யுங்கள். அப்போது புதிய மீட்புச் சாவி உருவாகும், பழையது இனி எதையும் திறக்காது. பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதிய நாற்பத்தெட்டு இலக்கங்களை வேறொரு தாளில் எழுதி, கணினி வாங்கிய ரசீதோடும் போர்டு மாற்றிய ரசீதோடும் சேர்த்து வையுங்கள்.